குஞ்சப்பனைக்கு மேலே

மேட்டுப்பாளையத்தில் காற்றடித்துக் கொடுத்தவர்
"கோத்தகிரியா, முப்பத்து மூணுதான்" என்றார்.
மைல்கல்லும் அதைத்தான் சொல்கிறது.
தொடைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

குஞ்சப்பனை தாண்டியதும் பலாப்பழ வாசம்.
நடுரோட்டில் யானைச் சாணம்,
இன்னும் ஆவி பறந்தது.
எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது,
இரண்டு வளைவுக்கு மட்டும்.

முந்திப்போன பஸ்ஸின் படியிலிருந்து
கண்டக்டர் கத்தினார்:
"சைக்கிள மேல போட்டுக்கலாமாம்மா?"
வேண்டாமென்று தலையாட்டினேன்.
அதற்கும் மூச்சு செலவானது.

பிறகு பஞ்சர்.
டியூபில் எச்சில் தொட்டு ஓட்டை தேடி,
ஒட்டி, மிதித்து, முடியாமல் இறங்கி உருட்டி,
ஆளில்லாத வளைவில் கொஞ்சம் அழுது,
மிச்சமிருந்த கடலைமிட்டாயைத்
தாளோடு ஒட்டியதையும் சுரண்டித் தின்று
நிமிர்ந்தால்

அதே பஸ்,
மேலே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறது.
நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

கண்டக்டர் பார்த்தார்.
இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.
ரெட்டை விசில் கொடுத்தார்.

இறக்கத்தில் தானாக ஓடும் பஸ்ஸுக்கு
எதற்கு ரெட்டை விசில்?

அரவேணுவில் பனி இறங்கியபோதுதான்
புரிந்தது.
பெடலில் கால் வைத்தேன்.
ரைட்.