நிகர எடை

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இருநூறு அடி இந்தப் பக்கம்
வெள்ளியங்கிரியின் எடைமேடை.
தேங்காய், வைக்கோல், கோழித்தீவனம்,
எல்லை தாண்டும் எதுவும்
அந்த இரும்புப் பலகைமேல் ஒருதரம்
மூச்சைப் பிடித்து நிற்கவேண்டும்.

அவருடைய கம்ப்யூட்டர் ஒரு சீட்டு அடிப்பதற்குள்
டிரைவர் இறங்கி, டீ குடித்து,
டம்ளரையும் கழுவி வைத்துவிடுவார்.
மெமரி போதாது என்றேன்.
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து
பழைய துண்டைக் கழற்றி
நார்த்தூசி ஊதி
இரண்டும் இரண்டும் நாலு ஜிபி மாட்டினேன்.
ஆயிரத்து அறுநூறு.

திரையைப் பார்த்தார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.
மூன்றே கால்.

"ஏம்மா விலாசினி,
எடைமேடைக்காரன்கிட்டயே எடை குறைக்கிறியா?"

அது பழைய எக்ஸ்பிங்க, முப்பத்திரண்டு பிட்.
அதுக்கு எழுதத் தெரிந்த விலாசம்
நானூற்று இருபத்தொன்பது கோடியே சொச்சம்.
அதைத் தாண்டி ஒரு கதவு எண் போடச் சொன்னால்
முழிக்கும்.
இருக்கிற கடைசி வரிசையிலும்
டிஸ்பிளே கார்டு, நெட்வொர்க் கார்டு,
இன்னும் யார் யாரோ
முன்னாடியே துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.
முக்கால் ஜிபி உள்ளேதான் இருக்கிறது.
கூப்பிட விலாசமில்லை.

"அறுபத்துநாலு பிட் போட்டா முழுசும் தெரியும்."
"போடு."
"போட்டா உங்க எடை சாஃப்ட்வேர் ஓடாது.
மேடை பேசுறது இதுக்குக் கேட்காது.
பிரிண்டர் செத்துரும்."

வெளியே ஒரு லாரி ஏறியது.
கையைக் காட்டி நிறுத்தினார்,
எண் அசைந்து அசைந்து அடங்கும்வரை
வாயைத் திறக்கவில்லை.
பிறகு:
"அந்தக் கார்டு இந்தக் கார்டெல்லாம் வண்டி.
மீதி சரக்கு. அப்படித்தானே?"

அப்படி இல்லை.
ஆனால் மணி இரண்டரை, எனக்குப் பசி.
அப்படித்தான் என்றேன்.

பிரிண்டர் கிரீச்சிட்டு நகர்ந்தது.
மொத்தம் 4.00
வண்டி 0.75
நிகரம் 3.25
சரக்கு: மெமரி.
வண்டி எண் என்ற இடத்தில்
என் ஸ்கூட்டியின் கேரளா நம்பர்.

"நிகரத்துக்குத்தான் காசு.
இந்த ரோட்டு வழக்கம் அது."
ஆயிரத்து முந்நூறு எண்ணி வைத்தார்.

இரண்டு பாஷையிலும் சண்டை போட்டேன்.
மலையாளத்தில் திட்டியது
அவருக்கு நன்றாகவே புரிந்தது,
தேங்காய் வியாபாரம் அந்தப் பாஷையில்தானே.
கடைசியில் சீட்டையும் கிழிக்காமல் மடித்து
பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
அதன்பின் அந்த வழி போகும்போதெல்லாம்
மறுபக்கம் இருக்கும் பஞ்சர் கடையைப் பார்ப்பேன்.

மூன்று வருஷம்.
ஒரு செவ்வாய்க்கிழமை போன்.
"கோயமுத்தூர்க் கம்பெனிக்காரன் எல்லாத்தையும் மாத்திட்டான்.
சாஃப்ட்வேர் புதுசு. அறுபத்துநாலு.
உன்னோடது தெரியுதும்மா."

போனேன்.
அதே பெட்டி, நான் மாட்டிய அதே இரண்டு துண்டு.
திரையில் நாலு.
பக்கத்திலேயே, சின்னதாக,
உபயோகிக்கக்கூடியது 3.98.

அவர் ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார்:
இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்,
சில்லறையோடு, ரப்பர் பேண்டு சுற்றி.
"எட்டு ரூபா வண்டி" என்றார்.

பழைய பிரிண்டரைப் புதுசுக்கு அடையாளம் தெரியவில்லை,
ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது.
காலண்டர்த் தாளின் பின்பக்கம்
பேனாவால் கோடு கிழித்து
மொத்தம், வண்டி, நிகரம் என்று எழுதினார்.
வண்டி எண் வந்ததும்
நிமிர்ந்து பார்க்காமல்
அந்த நாலு இலக்கத்தையும் எழுதி முடித்தார்.

ஸ்கூட்டியை நான் போன தையிலேயே விற்றுவிட்டேன்.
வெளியே நின்றது வேறு வண்டி, வேறு நம்பர்.
திருத்தச் சொல்லவில்லை.