எந்த நாம்

பினாங்குத் துறையில் இறங்கியதும் தன் ஊர் சேலம் என்றார்.
எங்கள் சேலத்தில் கடல் கிடையாதே துரை, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சூலியா தெருவில் அதற்குள்
அவரைப் பற்றி மூன்று கதைகள்:
பிரெஞ்சுக்காரனோடு உடன்படிக்கை எழுதியவர்,
சபையில் விடிய விடிய நின்று பேசியவர்,
பிறகு பதினொரு வாக்கில் தோற்று
மிளகு எடை பார்க்க அனுப்பப்பட்டவர்.
மூன்றாவதை மட்டும் ஒப்புக்கொண்டார் ஹாஸ்கின் துரை.
"பதினொன்றுதான், மீராக்கனி.
அன்றைக்கு நல்ல மழை. எங்கள் ஆட்கள் வரவில்லை."

மலாயில் அவருக்குக் கடிதம் எழுதும் கை நான்.
மாதம் எட்டு வெள்ளி, மைக்கூடு என்னுடையது.

அச்சே கரையில் ஓர் அரசருக்கு ஓலை.
அரசன் இல்லாமல் தம்மைத் தாமே ஆளும் மக்கள்
என்று போனது முதல் வரி.
அதற்கு முன்னால் ஒரு சின்னச் சொல்.
அங்கே என் பேனா நின்றுவிட்டது.

துரை, இது எந்த நாம்?
கேட்கிறவரையும் சேர்த்தால் கித்தா,
வெளியே நிறுத்தினால் காமி.
என் தமிழிலும் நாம் வேறு, நாங்கள் வேறு;
கலந்து சொன்னால் பந்தியில் சண்டை வரும்.
உங்களிடம் ஒரே சொல்தானா?
அதை வைத்துக்கொண்டா
ஒரு நாட்டையே எழுதி முடித்தீர்கள்?

பதில் சொல்லாமல் முற்றத்தைப் பார்த்தார்.
சைரஸ் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான்.
துரையின் அப்பா எழுதிய உயிலில்
வெள்ளிக் கரண்டிகளுக்குக் கீழே இருந்த பெயர்.
இப்போது சம்பளக்காரன்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.
நாளைக்குக் காய்ச்சல். மறுநாளும்.
கப்பல் காத்திருக்குமா?
கித்தா என்று நானே எழுதி அரக்கு வைத்தேன்.
அரசருக்கு அது பிடித்துப்போயிருக்க வேண்டும்,
சொந்தக்காரர்களிடம் பேசுவதுபோல் பேசி
மிளகு விலையை ஏற்றிவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து
உடனே திரும்பி வரச்சொல்லி ஓர் உத்தரவு,
கீழே யாரோ புது ஆளின் கையெழுத்து.
துரையைப் புதைத்து அதற்குள் நாற்பது நாள்.

சைரஸிடம் படித்துக் காட்டினேன்.
கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.
பிறகு, நான் கேட்காமலேயே,
"அந்தப் பதினொன்றில் நான் ஒருத்தன்" என்றான்.
"மழை அப்படியொன்றும் பெரிசில்லை."