வாடகை

வியாழக்கிழமை. அமடோராவில் ரயிலிறங்கி
மேடேறி வந்தேன். பையில்
பதினோரு வருட அனிமேஷன் வேலை,
ஒளி நிழல் பற்றி ஒரு மணி நேரப் பேச்சு.

எடில்சன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்,
கை மட்டும் வரைந்தபடி:
ஒரு கோழி பேருந்தைத் தவறவிடுகிறது,
ஆறு கட்டங்களில்.
நான்காவதில் அது நீட்டிய கழுத்து
எனக்கு இன்றுவரை வராத கழுத்து.

"சம்பளமில்லாமல் ஆறு மாதம் என்றீர்களே,
அப்போது வாடகை?"

அந்த நேரம் பார்த்து
தகரக் கூரையில் மழை பிடித்திருக்கலாம்.
பிடிக்கவில்லை.

"அப்பா கட்டினார்."

அவன் சிரிக்கவில்லை.
பென்சில் எண்ணைக் குறிப்பதுபோல
கோழியின் ஓரத்தில் குறித்துக்கொண்டான்:
அப்பா.

அடுத்த வாரம் அவன் இல்லை.
மீன் பெட்டி இறக்கப் போயிருக்கிறான் என்றாள் ஜாண்டிரா,
தன் தாளிலிருந்து தலை தூக்காமல்.
"இங்கே வந்தால் அரை நாள் கூலி போச்சு,
தெரியுமா உங்களுக்கு?"
தெரியாது.

அதற்கடுத்த வாரம்
பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.
கைபேசியை மேசை நடுவில் வைத்து,
எல்லோருக்கும் கேட்கும்படி
என் ஸ்டூடியோவுக்கே போட்டேன்.

"கோடைப் பயிற்சிக்குச் சம்பளம் எவ்வளவு?"

பதினோரு வருடத்தில்
என் வாயில் அந்தக் கேள்வி முதல் தடவை.
குரல்கூடக் கொஞ்சம் பிசிறியது.

காத்திருக்கச் சொன்னார்கள். ஏதோ பியானோ.
திரும்பத் திரும்ப அதே பியானோ.
ஏழாவதாக ஒரு கட்டம் கீறி
பேருந்து நிறுத்தத்தில் எடில்சன்
ஒரு பெஞ்சு போட்டான்.

கோழி உட்காரவில்லை.