பத்து மில்லிமீட்டர்

எங்கள் விமானம் பறக்காது.
ஒரு பக்க இறக்கையைப் பாதியில் அறுத்து
பயிற்சிக் கூடத்துக்குள் தள்ளிய வருஷம்
எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது.
பதினாறு அணிகள் கழற்றிப் பூட்டியதில்
திருகாணிகளின் தலை
பழைய காசுபோல் தேய்ந்துவிட்டது.

கருவிப்பெட்டியின் கறுப்பு நுரையில்
ஒவ்வொன்றுக்கும் அதனதன் குழி.
மாலை எண்ணும்போது
ஒரு குழி வாயைத் திறந்து கிடந்தது.
பத்து மில்லிமீட்டர் சாக்கெட்.
பெருவிரல் நுனி அளவுதான்.

கதவைப் பூட்டினார்கள்.
கிடைக்கும்வரை யாருக்கும் வீடில்லை,
அதுதான் விதி.

அடிஸ் அபாபாவின் ஆகஸ்ட் மழை
தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்கு மேலே
லெம்மா கத்தினான்:
"பறக்காத விமானத்துக்குள் தொலைந்தது
யாரைக் கொல்லப் போகிறது?"
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
பதில் இல்லாமல் இல்லை.
பசி.

தரைப் பலகைகளைப் பெயர்த்தோம்.
கைக்கண்ணாடியும் டார்ச்சுமாக
பல் வைத்தியர்போல
விலா எலும்புகளுக்கிடையே தேடினோம்.
இடுப்புவரை உள்ளே போயிருந்த ஸெவ்டுவின்
கால்கள் மட்டும் சொல்லின:
"இருக்கு!"

இருந்தது.
ஆனால் எங்களுடையது இல்லை.
செந்துரு ஏறி, வேறு கம்பெனி முத்திரையோடு,
எங்கள் எவருக்கும் முந்தையது.
பதினாறு அணிகளில் ஏதோ ஒன்று
கடையில் புதிது வாங்கிக் குழியை நிரப்பி
"அனைத்தும் சரி" என்று ஒப்பமிட்டு
பஸ் பிடித்துப் போயிருக்கிறது.

அந்தக் கை இப்போது எங்கே
ஒப்பமிட்டுக்கொண்டிருக்கும்?
ஞாயிற்றுக்கிழமை ஜிம்மாவிலிருந்து
அம்மா வருகிறாள், முதல்முறை விமானத்தில்.

லெம்மா துருவைச் சட்டையில் துடைத்து
நுரையில் வைத்துப் பார்த்தான்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
நாங்கள் எட்டுப் பேரும் குழியைப் பார்த்தோம்,
பிறகு கதவை.

அப்போதுதான் நான் குனிந்தேன்,
முழங்கால் தூசியைத் தட்ட.
மடித்துவிட்ட கால்சட்டை ஓரத்தில்
ஏதோ கனத்தது.

எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தேன்
என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

மேசையில் வைத்தேன்.
பளபளவென்று
என் உடம்புச் சூட்டோடு இருந்தது.
"ஹிருத்!" என்றான் லெம்மா,
வசவுபோல.

பதிவேட்டை விரித்தேன்.
நேரம்: எங்கள் ஊர்க் கணக்கில் இரவு நாலு,
சுவர்க் கடிகாரத்தில் பத்து,
விமானங்களின் பொது நேரத்தில் ஏழு.
ஏழு என்று எழுதினேன்.
குறைவு: இல்லை.

கூடுதலாகக் கிடைத்ததற்கு
அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.
யாரிடமாவது ஸ்கேல் இருக்கிறதா என்றேன்.
பஸ் போய்விட்ட கோபத்தில்
லெம்மாதான் தூக்கி எறிந்தான்.
கோடு கொஞ்சம் கோணல்தான்.