பிடித்தம்

மூன்றாம் அலமாரி, கீழ்த்தட்டு.
கச்சேரியின் இந்தப் பக்கம் கடற்காற்று வராது,
பூஞ்சணம் வரும்.
கையுறை கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு
இன்னும் பதில் இல்லை.

காப்பிரிப் படைச் சம்பள ஏடு.
ஒரே ஆளை மூன்று விதமாய் எழுதியிருக்கிறான் எழுத்தன்:
அந்தோனி, அந்தோனியு, அந்தோங்.
ஊர் மொசாம்பிக். உயரம் உண்டு.
வயதை இராமபாணம் தின்றுவிட்டது.
கோவாவில் வாங்கிய விலை மட்டும்
ஓர் இலக்கமும் குறையாமல் கிடக்கிறது.
வாங்கியது அரசு. ஆகையால் அடிமை இல்லையாம்,
சிப்பாய்.
விலகும் தேதிக்கென்று கோடிட்ட கட்டம்,
உள்ளே ஒன்றுமில்லை.

மாதாமாதம் அவன் பெயருக்கு நேரே ஓர் ஆங்கிலச் சொல்,
இரண்டு இறைசால்.
அட்டவணைக்குத் தமிழில் எழுதினேன்: பிடித்தம்.
சாராயக் கடனாயிருக்கும்,
தொப்பியைத் தொலைத்திருப்பான் என்று
பதினேழு மாதங்களைப் புரட்டிவிட்டுத்
தேநீர் குடிக்கப் போனேன்.

விடுதலைப் பதிவேடு வேறு கட்டில் இருந்தது.
"சின்னாத்தை, தம்பலகாமம், வயல்வேலை,
வயிற்றில் ஆறு மாதம்.
முப்பத்துநான்கு இறைசால்.
கட்டியவர், காப்பிரிப் படை அந்தோங்."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
இரண்டு தரம் எண்ணினேன்.

ஓரத்தில் சின்ன எழுத்தில்:
வயிற்றுப் பிள்ளைக்குத் தனி விலை கேட்டார் உடையவர்,
துரை ஒப்பவில்லை.

கீழே உடையவரின் கையொப்பம், தமிழில்,
கோணாமலையர்.
அந்த 'ணா' பழைய எழுத்து,
யானைத் துதிக்கைபோல் சுருண்டது.
எங்கள் காணி உறுதியிலும் அதே துதிக்கை.
அந்தக் காணியில் பாதியை விற்றுத்தான்
இந்த ஏடுகளைப் படிக்கும் படிப்பை
எனக்குப் படிப்பித்தார்கள்.

'உடையவர் பெயர்' என்ற நிரலை
வெறுமையாய் விட்டுப் போகலாம்.
பூச்சி தின்ற இடம் என்றால் யாரும் கேட்கப் போவதில்லை.
எழுதினேன். கை வியர்த்துத்
தாளில் ஒட்டியது.

மறுபடி சம்பள ஏட்டுக்குப் போனேன்.
பதினெட்டாம் மாதம் முழுச் சம்பளம்.
அடுத்த மாதமும்.
இருபதாம் மாதம் கால் இறைசால்,
அதே ஆங்கிலச் சொல்.
வெள்ளைத் துணி, இரண்டு முழம்.

பிள்ளையைச் சுற்றவா, மூடவா,
ஏடு சொல்லவில்லை.
பேனையைத் தொட்டு எழுதினேன்,
பிடித்தம்.