கணக்கில் ரெண்டு

மல்லாட்டை விதைக்குமுன் முளைக்குச்சி அடிப்பார்.
கயிறு கட்டுவார். தொய்ந்தால் ஒப்பமாட்டார்.
"கொல்லைக்கு எதுக்குங்க கயிறு" என்று
கூலிக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள், முதல் நாலைந்து வருஷம்.

கணியம்பாடிக்கு மேற்கே மூணு ஏக்கர் செம்மண்.
ஒன்பது வருஷம் அதை நான்தான் பார்த்தேன்.
காட்பாடியில் ரயிலேறிய ஆள்
மணியார்டராக மட்டும் வந்துபோனார்.
ஏருக்கு ஆள் பேசினேன்.
பங்காளி வரப்பை வெட்டியபோது
மண்வெட்டிக் காம்பை ஓங்கினேன்.
கிணற்றை இன்னும் ரெண்டு ஆள் ஆழம் இறக்கினேன்.
அவர் வந்து நின்றபோது
எதுவரைக்கும் நம்முடையது என்று
நான்தான் நடந்து காட்டினேன்.

கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி,
ஒரு மெடல், கேட்காத இடது காது.
மெடல் ரேஷன் கார்டு உறைக்குள் கிடக்கிறது.
காதுக்குப் பணம் கிடையாதென்று
பெங்களூரிலிருந்து எழுதிவிட்டார்கள்.

ஆகஸ்ட் பதினைந்தில்
பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடுவார்கள்.
"எத்தனை பேரைச் சுட்டீங்க?"
பிள்ளைகள் கேட்கும்.
மிட்டாயை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.
அவர் சுட்டவர் இல்லை.
புதைத்தவர்.

ஒரே தடவை சொன்னார்,
மூத்தவள் கலியாணக் கடன் கழுத்தை நெரித்த வருஷம்,
ராத்திரி ரெண்டு மணிக் கரண்ட்டுக்கு
பம்புசெட்டு ரூமில் காத்திருக்கும்போது.

"பஞ்சாப்ல கோதுமை அப்பதான் ஒரு சாண்.
கேவுரு நாத்து மாதிரி இருந்துச்சு.
கயிறு கட்டி, அடி எண்ணி
கண்ணிவெடி வெச்சோம்.
பச்சை நசுங்காம கால் வெக்க
எனக்கு மட்டும்தான் வந்துச்சு.
நிலத்துக்காரன் ஒரு சர்தார்.
கட்டிலு, சட்டி, கோழி எல்லாம் வண்டியில ஏத்திட்டான்.
போறப்ப என்னைப் பார்த்தான்.
திட்டுவான்னு நெனச்சேன்.
'தண்ணி பாய்ச்சி நாலு நாள்தான் ஆச்சு,
வழுக்கும், பார்த்து நட'ன்னான்.

சண்டை முடிஞ்சு திரும்ப எடுத்தோம்.
படம் இருந்துச்சு. கணக்கு இருந்துச்சு.
வெச்சது அறுநூத்திப் பதினாலு.
எடுத்தது அறுநூத்திப் பன்னெண்டு."

எலி இழுத்திருக்கும் என்றேன்.
தப்பாக எண்ணியிருப்பீர்கள் என்றேன்.
அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.
மோட்டார் இரைச்சலில்
அவர் ஏதாவது சொன்னாரா, தெரியாது.

வடக்கு மூலையில் கடைசிச் சாலில்
ரெண்டு குழிக்கு விதை கிடையாது.
ஒருமுறை தெரியாமல் போட்டுவிட்டேன்.
மண்டியிட்டு, மண்ணைச் சாய்வாகக் கீறி
பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன வருஷம் மலையிலிருந்து பன்றி இறங்கியது.
காய் பிடிக்கிற நேரம்.
பங்காளி மகன் கஜபதி
மஞ்சள் பையில் நாட்டுவெடி கொண்டுவந்தான்.
"ஓரத்துல நாலு புதைங்க மாமா.
மிலிட்டரிக்காரருக்கு நானா சொல்லணும்?"
இவர் பையை வாங்கவில்லை.
"காலையில யாருடா எண்ணுவான்?" என்றார்.
கஜபதிக்குப் புரியவில்லை.
நானும் விளக்கவில்லை.

பதினெட்டு ராத்திரி
டால்டா டின்னும் கட்டையுமாய் வரப்பில் உட்கார்ந்தார்.
பன்றி அவருடைய இடது பக்கமாகவே வந்தது.
ஏழு மூட்டை போயிற்று.
நான் கத்தினேன். பானையை உடைத்தேன்.
ஏழு மூட்டை, சும்மாவா?
அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது,
இல்லையென்று சொல்லமாட்டேன்.

இந்த ஆடியில் அவருக்கு முட்டி மடங்கவில்லை.
கயிற்றுக் கட்டிலை வேம்படியில் போட்டுக்கொண்டு
தூரத்திலிருந்து கயிற்றைப் பார்த்தார்.
சாலில் நான் போனேன்.
வடக்கு மூலை வந்தது.
மடியில் விதை நிறைய இருந்தது.
முதல் குழி.
ரெண்டாவது குழி.
திரும்பிப் பார்க்கவில்லை.
முந்தின நாள் மழை,
மண் வழுக்கியது.