வங்கிக் கொழுந்து

நேர்முகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.
"கையைக் காட்டு" என்றார் ரணவீர மாத்தயா.
காட்டினேன்.
ஆள்காட்டி விரலில் கறுத்த வெடிப்பு,
பெருவிரல் நகத்தடியில் பதினொரு வருடச் சாயம்,
எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாதது.
"சரி, திங்கட்கிழமை வா."

நுவரெலியாவில், ரேஸ்கோர்ஸுக்கு மேலே ஹோட்டல்.
வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில்
ஒரு முழ உயரத்தில் நாற்பது வயதுக் கமீலியா.
இலையைத் திருப்பியதுமே தெரிந்துவிட்டது:
அதே ரம்பப் பல், அதே தோல்மினுக்கம்.
தேயிலைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.
வாக்கப்பட்ட இடம்தான் வேறு.
இவளுக்கு ஜப்பான் தட்டு, பாசி மெத்தை,
நாலு பக்கமும் கண்ணாடி.

கத்தரி வைத்தால் வெட்டுவாய் கறுக்குமாம்.
விரல்தான் வேண்டுமாம்.
இரண்டாவது இலை மடிப்பவிழும் பொழுதில்
நகம் படாமல், சதையால் நுள்ளினால்
டிக் என்று ஒரு சத்தம் வரும்.
வராவிட்டால் முற்றிவிட்டது.

இதைச் சொல்லித்தரக்
கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார், ஸ்லைடு போட்டு.
தலையாட்டிக்கொண்டிருந்தேன்.
நாளுக்குப் பதினெட்டுக் கிலோ டிக்
கேட்ட காது இது.

மலையில் கிள்ளியது கூடைக்குப் போகும்,
தராசுக்குப் போகும்,
அரைப்பேரா முழுப்பேரா என்று கணக்குக்குப் போகும்.
இங்கே கிள்ளியது குப்பைக்கு.
முதல் மாதம் அதை ஏப்ரன் பையில் சேர்த்துவைத்தேன்,
யாரோ நிறுக்க வருவார்கள் என்பதுபோல.

தேயிலையும் மரம்தான்.
ஃபேக்டரிக்குப் பின்னால் விதைக்கு விட்ட ஒன்று நின்றது,
ஏணி வைத்தாலும் உச்சி எட்டாது.
அதை அண்ணாந்து பார்த்துவிட்டு
மறுநாளும் இடுப்புயரத்தில் மட்டக்கம்பு வைத்தோம்.
வேலை.

ஆடி மழையில் றம்பொடையில் மண் சரிந்து
பாதை மூடிக் கிடந்தது பதினேழு நாள்.
மாத்தயா இல்லை, விருந்தாளி இல்லை.
போன்சாய்க்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு.
பின்பக்கம், சுவரைப் பார்த்த ஒரு துளிரை விட்டேன்.
மறந்து அல்ல.

திரும்பி வந்தவர் தட்டைச் சுற்றிப் பார்க்கவேயில்லை.
ஐப்பசி போனது, மார்கழி போனது.
யாரும் வளைக்காத கோணத்தில்
அது பாட்டுக்குச் சாண் தாண்டியது.
தைப்பொங்கல் லீவு முடிந்து வருகிறேன்,
அவர் குனிந்து நிற்கிறார்.
திட்டுவார் என்று பார்த்தால்,
"அடி பருத்திருக்கு. கெட்டிக்காரி.
இனி அதை எடுத்துவிடு."
விட்ட கிளை தண்டுக்குச் சதை போடுமாம்.
ஸ்லைடில் அதற்கொரு பெயரும் இருந்தது:
பலிக்கிளை.

எடுத்தேன், சாய்வாக, வேர்விடும் பதத்தில்.
தயிர்ச்சட்டியில் ஈர மணல், மேலே ஒரு ஷாப்பிங் பை.
கந்தப்பளை பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
டிக்கெட் கிழித்தவன் என்ன செடி என்றான்.
"பூ."

லயத்துக்குப் பின்னால், கான் ஓரம், நட்டது.
விடுதலை கிடுதலை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
பேச்சாயி வீட்டு ஆடு ஒருமுறை மோந்துவிட்டுப் போனது.
வேர் பிடித்தது, இரண்டு இலை விட்டது,
அத்தோடு நின்றது.
நுனியை அடைத்துக்கொண்டு மூன்று மாதம்.

தோட்டத்தில் இதை வங்கி என்போம்.
காசு போடுகிற வங்கி இல்லை,
வளர மாட்டேன் என்று குந்திவிட்ட கொழுந்து.
அதைக் கிள்ளி எறிந்தால்தான்
கீழே இருக்கும் கண் முழிக்கும்.

இதில் மட்டும் விரல் வைக்கமாட்டேன் என்று
ரோதமுனிக்கு முன்னால் சொல்லியிருந்தேன்.

ஞாயிறு காலை, பனி விலகவில்லை.
பல் விளக்கிய கையோடு
குனிந்து கிள்ளினேன்.
சத்தம் வரவில்லை.
முற்றியது, வராது.

கீழே இரண்டு கண் இருந்தது.
எது முந்தும் என்று தெரியாது.